தம்பியின் கோட்டையும் எங்கள் பின்வளவும்

என் தம்பி ஸ்கொட்லாந்தில் ஒரு இடிந்த கோட்டையின் வாசலில் டிக்கெட் கிழிக்கிறான். வெளிநாடு போய் அவன் செய்த வேலைகளில் அவனுக்குப் பிடித்தது இது ஒன்றுதான். முன்பு பெற்றோல் நிலையத்திலும் கோழி பொரிக்கும் கடையிலும் நின்றபோது என்னோடு ஐந்து நிமிடம் கதைக்க மாட்டான். கோட்டைக்குப் போன பிறகு ஒவ்வொரு ஞாயிறும் போனை வைக்க மனமில்லாமல் கதைத்தான். நான் பரந்தனில் மிளகாயும் மாவும் அரைக்கும் மில் நடத்துகிறேன். ஞாயிறுதான் எனக்கு ஓய்வு. அந்த ஓய்வு முழுவதும் யாரோ ஒரு வெள்ளைக்காரனின் பாட்டன் பூட்டன் கதையைக் கேட்டே போனது.

கோட்டையின் பெயரை எழுத வேண்டாம் என்று அவன் கேட்டிருக்கிறான். வேலை போய்விடுமாம். எழுதவில்லை. கதையை எனக்கு விளங்கிய மாதிரிச் சொல்கிறேன்.

அந்தக் குடும்பத்தின் முதல் ஆள் வேறு தேசத்திலிருந்து ஒரு அரசனின் கடிதத்தோடு வந்திருக்கிறான். அங்கே இருந்த சனத்தின் பாஷை அவனுக்கு ஒரு சொல்லும் தெரியாது. தனக்குச் சொந்தமில்லாத மண்ணை அரசன் அவனுக்குக் கொடுத்தான். அவன் ஏரிக்கு மேலே ஒரு பாறையைப் பிடித்து, அந்தச் சனத்தைக் கொண்டே கல் சுமப்பித்துக் கோபுரம் கட்டினான். ஒரு ஆள் குறுக்கே படுக்கலாம், சுவர் அவ்வளவு தடிப்பு. குசினிக்குக் கீழே ஒரு குழி. பிடிபட்டவர்களைக் கயிற்றில் கட்டி அதற்குள் இறக்கிவிடுவார்கள். மேலே இறைச்சி வாட்டும் மணம் மட்டும் குழிக்குள் இறங்கும். இதைச் சொல்லும்போது தம்பிக்குக் குரலில் ஒரு சந்தோசம். பார்க்க வருபவர்கள் அந்தக் குழியைத்தான் விரும்பிப் படம் எடுப்பார்களாம்.

பிறகு இரண்டு பேரப்பிள்ளைகள். இளையவன் சாப்பாட்டு மேசையில் வைத்து மூத்தவனைக் குத்திக் கொன்று அவன் மனைவியையும் கட்டிக்கொண்டான். பின்னால் வந்த பிரபுக்கள் எல்லோரும் அந்தக் கொலைகாரனின் வழி. இரண்டு அரசர்கள் சண்டை பிடித்தபோது ஒரு மகனை இந்தப் பக்கமும் மற்ற மகனை அந்தப் பக்கமும் அனுப்பினார்களாம். எந்தப் பக்கம் வென்றாலும் வீடு தங்களிடம் நிற்கும்.

"கெட்டிக்கார ஆக்கள், அக்கா" என்றான் தம்பி.

"இஞ்சயும் அப்பிடி ஆக்கள் இருந்தவைதான். அவையின்ர வீட்டுக்கு ஓடு கூடக் கழலேல்லை" என்றேன்.

அதற்குப் பிறகு வந்தவனுக்குச் செம்மறி ஆட்டில் ஆசை. ஆட்டில் ஆதாயம் அதிகம் என்று, தலைமுறை தலைமுறையாகத் தோட்டம் செய்த சனத்தை எழுப்பினான். திரும்பி வந்துவிடாமல் அவர்களுடைய குடிசைக் கூரைகளைக் கொளுத்தினான். அவர்கள் கப்பல் ஏறிக் கனடாவுக்குப் போனார்கள். இதைக் கேட்டபோது மட்டும் எனக்கு அந்த ஊரோடு ஒரு சொந்தம் வந்தது. கோட்டை வாசலில் உள்ள பலகையில் இதைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். "பயிர்ச்செய்கை முறை மாறியது எண்டு ஒரு வரி கிடக்கு" என்றான்.

கடைசிக் காலத்தில் அந்த வீட்டின் இளைய மகன் ஒருவன் இலங்கைக்கு வந்து மலைநாட்டில் கோப்பி போட்டு, கோப்பி செத்ததும் தேயிலை போட்டான். அந்தக் காசில் கோபுரத்துக்கு வர்ணக் கண்ணாடி வைத்தார்கள். தேயிலைக் காசு நின்றதும் கண்ணாடியும் நின்றது. கூரை உள்ள வீட்டுக்கு வரி என்று கூரையைத் தாங்களே கழற்றி விற்றார்கள். இப்போது அரசாங்கம் பார்க்கிறது.

"இடிஞ்சதைத் திருத்த மாட்டினம் அக்கா. மிச்சம் விழாமல் பிடிச்சுக்கொண்டு நிப்பினம். புல்லு வெட்டி, சங்கிலி கட்டி, பலகை வைப்பினம். அதுதான் வேலை."

"அப்ப இஞ்ச வா. விழுந்தது எங்களிட்ட நிறையக் கிடக்கு."

பகிடிக்குச் சொன்னேன். அவன் பகிடியாக எடுக்கவில்லை.

எங்களுக்கும் ஒரு இடிந்த வீடு இருக்கிறது. பரந்தனிலிருந்து உள்ளே, வாய்க்கால் கரையால் போக வேண்டும். அந்தப் பகுதியில் மாடி வைத்துக் கட்டிய முதல் வீடு அது. மேல்வீடு என்றால் பஸ்காரனும் இறக்கிவிடுவான். குளத்துத் திட்டத்தில் காணி கொடுத்தபோது அப்பாவின் அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து வந்தார். காட்டைத் தனி ஆளாக வெட்டினார், யானையைக் கோடாலியால் விரட்டினார் என்று எங்கள் வீட்டில் கதை. உண்மை என்னவென்றால் அவர் குடை பிடித்துக்கொண்டு நின்றார், வெட்டினது கூலிக்கு வந்தவர்கள். மழை பொய்த்த வருசங்களில் தோற்றுப்போனவர்களின் காணியை ஒவ்வொன்றாகத் தன் பக்கம் இழுத்தார். பிறகு மேல்வீடு எழும்பியது.

ஷெல் அடியில் அதன் கூரையும் முன் பாதியும் போயின. கதவு நிலைகளை யாரோ கழற்றினார்கள், கம்பியை இரும்புக்காரர் எடுத்தார்கள். இப்போது நிற்பது ஒரு பக்கச் சுவர், அதில் வளைவு வைத்த ஜன்னல் ஒன்று, மேலே எங்கும் போகாத ஒரு படிக்கட்டு. நான் அங்கே இருக்கப் போகவில்லை. ரோட்டுக்கரையில் சண்டைக்குப் பிறகு கிடைத்த வீட்டுத்திட்ட வீடு ஒன்றில் இருக்கிறேன், போதும்.

ஆனால் வளவு வெறுமையாக இல்லை. பின்பக்கம் கிணற்றடியில் ஒரு தகரக் கொட்டில். அதில் என்னைவிட இரண்டொரு வயது இளைய ஒரு பெண், அவளுடைய மகன், மருமகள், பேரப்பிள்ளைகள். மலைநாட்டில் கலவரத்தில் தேயிலைத் தோட்டத்து லயத்தைக் கொளுத்தியபோது தாய் தகப்பனோடு சிறுபிள்ளையாக வன்னிக்கு ஓடி வந்தவள். அப்பா அவர்களைப் பின்வளவில் இருத்தினார். இரக்கம் என்று ஊரில் பெயர். வயலுக்கு ஆள் தேவைப்பட்டது என்பது எனக்குத் தெரியும். தோட்டக்காட்டார் என்று வீட்டில் சொல்வார்கள், அவர்கள் காதில் விழும்படிதான்.

வன்னியில் காணி வைத்திருந்த எங்கள் ஆட்களிடம் ஒரு சட்டம் இருந்தது. எந்தப் புத்தகத்திலும் இல்லை, எல்லோருக்கும் தெரியும். வளவில் இருத்தியவர்களை வாழை வைக்க விடலாம். பப்பாசி, மரவள்ளி, முருங்கை வைக்க விடலாம். தென்னை மட்டும் வைக்க விடக்கூடாது. தென்னை காய்க்கும் வரை ஒருவன் இருந்துவிட்டால் பிறகு எழுப்ப முடியாது, இது நான் வைத்த பிள்ளை என்று கோட்டில் வழக்குப் பேசுவான் என்ற பயம். ஒருமுறை கொட்டிலுக்குப் பக்கத்தில் விழுந்து கிடந்த தேங்காய் தானாக முளைத்தது. அப்பா அதை மண்வெட்டியால் கிளறி எடுத்து வாய்க்காலுக்குள் எறிந்ததை நான் பார்த்தேன். அந்தக் குடும்பம் அவருடைய சாவுக்குப் பிறகும் தென்னை வைக்கவில்லை. தேங்காயைக் கடையில் வாங்கினார்கள், வளவு நிறைய எங்கள் தென்னை நிற்க.

கடைசிச் சண்டையில் எல்லோரும் ஒரே பாதையால் ஓடினோம், ஒரே பங்கருக்குள் படுத்தோம். அங்கே யார் காணிக்காரர், யார் குடியிருத்தப்பட்டவர் என்று ஒருவரும் கேட்கவில்லை. அவளுடைய புருசன் அங்கேயே போய்விட்டான். திரும்பி வந்தபோது எங்களுக்குக் காணி எழுதிய உறுதி இருந்தது, அவளுக்கு இல்லை. உறுதி இருந்தால்தான் வீட்டுத்திட்டத்தில் வீடு. கேட்பதற்கு அவள் வருசக்கணக்காக யோசித்திருக்கிறாள். ஒருநாள் மில்லில் மிளகாய் அரைபட, சத்தத்துக்குள் வந்து சொன்னாள்:

"அக்கா, அந்தக் கொட்டில் நிக்கிற துண்ட எங்க பேருக்கு எழுதிக் குடுத்தீங்கன்னா வீட்டுத்திட்டத்துல பதியலாமுங்க. கேக்க வெக்கமாத்தான் இருக்கு."

"வெக்கப்பட வேண்டியது நீயில்லை" என்றேன்.

காணி எனக்கும் தம்பிக்கும் சேர்த்து எழுதப்பட்டது. அவனுடைய கையெழுத்து இல்லாமல் நான் ஒரு பிடி மண்ணும் கொடுக்க முடியாது. போனில் கேட்டேன். "வந்து பாப்பம் அக்கா" என்றான். குளிர்காலத்தில் கோட்டையைப் பூட்டிவிடுவார்கள். அந்த லீவில் வந்தான்.

வந்தவன் கையெழுத்தைப் பற்றிக் கதைக்கவில்லை. மேல்வீட்டைக் கோட்டை மாதிரி ஆக்கப் போகிறானாம். ஆட்களைப் பிடித்துப் பற்றையை வெட்டினான். படிக்கட்டுக்குக் குறுக்கே சங்கிலி கட்டினான். கிளிநொச்சியில் ஒரு பலகை எழுதுவித்தான்: இக்கிராமத்தை நிறுவிய குடும்பத்தின் இல்லம்.

"நிறுவினதோ? எங்களுக்கு முன்னம் இஞ்ச மாடு மேய்ச்ச சனம், தேன் எடுத்த சனம் எல்லாம் ஆர்?" என்று கேட்டேன்.

"பலகையில எல்லாத்தையும் எழுதேலாது அக்கா."

கோட்டையின் பெயர் போட்ட பச்சை ஜக்கெற்றை மாரி வெக்கையிலும் கழற்றாமல் போட்டுக்கொண்டு திரிந்தான். படம் எடுத்துக் கோட்டையில் உள்ளவர்களுக்கு அனுப்ப வேண்டும், ஆனால் எந்தப் பக்கத்தால் எடுத்தாலும் தகரக் கொட்டில் விழுகிறது. அதுதான் அவனுக்கு வில்லங்கம்.

ஒருநாள் பின்னேரம் கொட்டிலில் இருந்தவள் எங்களுக்குத் தேத்தண்ணி கொண்டுவந்தாள். தம்பி குடித்துக்கொண்டே அவளுக்கும் கோட்டைக் கதையைத் தொடங்கினான். ஜக்கெற்றில் இருந்த பெயரைத் தொட்டுக் காட்டி வாசித்தான். அவள் தட்டைக் கீழே வைத்தாள்.

"இது எங்க தோட்டத்துப் பேருங்க, சின்னையா."

"எந்தத் தோட்டம்?"

"நாங்க பொறந்த தோட்டம். பாக்டரி கூரையில இந்தப் பேரத்தான் பெருசா எழுதி வச்சிருந்தாங்க."

தம்பிக்கு வந்த சந்தோசத்தைப் பார்க்க வேண்டும். காணாமல்போன சொந்தக்காரரைக் கண்ட மாதிரி எழும்பி நின்றான். "அக்கா, கேட்டியளோ! இவையின்ர துரைதான் எங்கட கோட்டைக்காரன்! துரை எப்பிடிப்பட்ட ஆள், சொல்லுங்கோ."

"துரைய யாரு பாத்தா? வெள்ளத் துரையெல்லாம் எங்க தாத்தா காலத்தோட போயிட்டாங்க. நாங்க கங்காணியத்தான் பாத்தோம். கொழுந்து கொறஞ்சா அவன் பேசுற பேச்சுக்கு எந்தத் துரையும் வேணாம்."

"அந்தத் தேயிலைக் காசிலதான் கோபுரத்துக்குக் கண்ணாடி வைச்சவை."

"அப்பிடியா" என்றாள். பிறகு கேட்டாள்: "நாங்க வந்தா எங்களுக்கும் டிக்கெட்டு கிழிப்பீங்களா, சின்னையா? இல்ல, எங்கம்மா பறிச்ச கொழுந்துல கழிச்சுக்குவீங்களா?"

நான் வாய்விட்டுச் சிரித்தேன். தம்பியும் சிரித்தான், ஆனால் பகிடி தன்மேல் விழுந்தது விளங்காமல். பிறகு அந்தச் சிரிப்போடேயே சொன்னான்: "உங்களுக்கு இஞ்ச வேலை தாறன். புல்லு வெட்டி, வாற ஆக்களுக்குச் சுத்திக் காட்டுங்கோ. கொட்டிலை மட்டும் வாய்க்காலுக்கு அங்கால கொண்டுபோங்கோ, என்ன?"

வாய்க்காலுக்கு அங்கால் இருப்பது காட்டு இலாகா எல்லைக்கல் போட்ட, ஒருவரையும் குடியிருக்க விடாத நிலம். அது அவனுக்குத் தெரியாது, அவளுக்குத் தெரியும். "பாப்பமுங்க" என்று மட்டும் சொல்லித் தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

அடுத்த கிழமை அவன் ஒரு உழவு இயந்திரப் பெட்டி நிறையத் தென்னம்பிள்ளைகள் கொண்டுவந்து இறக்கினான். கோட்டைக்குப் போகும் பாதையில் இரண்டு பக்கமும் மரங்கள் வரிசையாக நிற்குமாம். இங்கேயும் படலையிலிருந்து படிக்கட்டு வரை நிற்க வேண்டுமாம், கிணற்றடியைச் சுற்றியும் நிற்க வேண்டுமாம். குழி வெட்டி நட்டது யார்? அவளுடைய மகன். அவன் மேசன் வேலை செய்பவன், கை வேகம். அன்று வேலைக்குப் போகாமல் நின்று, தம்பி காட்டிய இடமெல்லாம் நட்டான். தன் கொட்டில் வாசலிலும் நட்டான், தம்பி சொல்லித்தான். நான் படலையடியில் நின்று பார்த்தேன். அப்பாவின் சட்டத்தைத் தம்பி மறந்துபோனான் என்று விளங்கியது. ஞாபகப்படுத்த எனக்கென்ன விசரா? வாயை மூடிக்கொண்டு தண்ணி அள்ளிக் கொடுத்தேன்.

எதிர்வளவில் இருக்கும் பழைய விதானையார் கெடுத்தார். பென்சன் எடுத்தும் ஊர்க்காணி எல்லாவற்றையும் தலைக்குள் வைத்திருக்கும் மனிசன். சைக்கிளை வேலியில் சாய்த்துவிட்டு வந்து வரிசையைப் பார்த்தார்.

"தம்பி, பிள்ளை வடிவாய் வைச்சிருக்கு. ஆர் நட்டது?"

"அவாவின்ர மகன்தான். நல்ல கைராசிக்காரன்."

"ஓமோம். கோட்டிலயும் அந்தக் கை நல்லாப் பேசும்."

"விளங்கேல்லை, ஐயா."

"இருத்தின ஆளைக் கொண்டு, அவன்ர வாசலிலேயே தென்னை வைச்சுப்போட்டு விளங்கேல்லை எண்டுறீர். கொப்பர் இருந்திருந்தால் உம்மை உரிச்சிருப்பார்." அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

தம்பி அதைச் சிரித்துத் தள்ளினான். பழைய ஆட்களின் பழைய பயம், அங்கே இப்படி ஒருவரும் யோசிக்கமாட்டார்கள் என்று என்னிடம் சொன்னான். நான் நம்பினேன்.

விடிய எழும்பிப் பார்த்தால் வீட்டில் ஆளைக் காணவில்லை. மேல்வீட்டுக்குப் போனேன். மழை தூறிக்கொண்டிருந்தது. பச்சை ஜக்கெற்றோடு சேற்றில் குனிந்து நின்று தென்னம்பிள்ளைகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தான் என் தம்பி. பாதை வரிசை அப்படியே நின்றது. பிடுங்கியது கிணற்றடியிலும் கொட்டில் வாசலிலும் உள்ளவற்றை. அவளுடைய மகன் வேலைக்கு வெளிக்கிட்ட கோலத்தில், சாப்பாட்டுப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு பார்த்து நின்றான்.

"ஐயா, நான் கிளப்பித் தரவோ? நீங்கள் இழுக்கிற இழுவைக்கு வேர் அறுகுது. பிறகு எங்க வைச்சாலும் தழைக்காது" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. பிள்ளைகள் வீணாகப் போகுதே என்ற கவலையில்தான் சொன்னான்.

எனக்கு வந்தது வாய். அப்பாவுக்குச் சொல்லாததையும் சேர்த்துத் தம்பிக்குச் சொன்னேன். "உன்ர கோட்டைக்காரன் செம்மறிக்கு எழுப்பினான். நீ படத்துக்கு எழுப்பிறாய். அவனாவது கூரை எண்டு ஒண்டு கிடந்ததைக் கொளுத்தினான். நீ கூரை வரமுன்னமே கொளுத்திறாய். மூதேவி, ஒரு கையெழுத்துக் கேட்டனான், உன்ர ஈரலையோ கேட்டனான்?"

"அக்கா, இது எங்கட குடும்பத்தின்ர அடையாளம்."

"அடையாளமோ? அப்ப நீயே வைச்சுக்கொள். காணியைப் பிரி. இண்டைக்கே பிரி."

அவள் கொட்டிலுக்குள்ளிருந்து வந்து என் கையைப் பிடித்தாள். "கத்தாதீங்க அக்கா. புள்ளைங்க படுத்திருக்கு. எங்களுக்கு இது பழகின விசயந்தானே." அந்தச் சொல்தான் என்னை இன்னும் கத்த வைத்தது. பழகிவிட்டதாம்.

பிரிப்பதற்கு அவன் மாட்டேன் என்று சொல்லவில்லை. யோசித்துப் பார்க்க, அவனுக்கு அது வசதியாகவும் இருந்தது. ரோட்டுப்பக்கம், இடிந்த வீடு, பாதை, காய்க்கிற தென்னைகள் எல்லாம் அவனுக்கு. கிணறும் பின்துண்டும் எனக்கு. கிணற்றையும் கேட்டான். கோட்டையில் ஒரு கிணறு உண்டாம், வருபவர்கள் சில்லறை போடுவார்களாம். கிணற்றை விடமாட்டேன் என்றேன். அப்படியானால் நடுவில் உயரமாகத் தகர வேலி அடைக்க வேண்டும், கொட்டில் தெரியக்கூடாது என்றான். "அடை" என்றேன். நல்ல நிலம் முழுக்கத் தம்பியிடம் கொடுத்துவிட்டேன், எனக்குப் பைத்தியம் என்று ஊரில் கதைத்தார்கள். கதைக்கட்டும். அளவைக்காரர் வந்து கல் போட்டார். தம்பி கையெழுத்து வைத்துவிட்டு விமானம் ஏறினான். கோட்டை திறக்கும் காலம் வந்துவிட்டதாம். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் போன் வருவதில்லை. அவனுடைய பலகைக்கு முன்னால் பற்றை திரும்ப எழும்பிவிட்டது. வெட்ட ஆள் பிடித்துத் தரும்படி யாரிடமோ சொல்லியனுப்பினான். நான் பிடிக்கவில்லை.

என் துண்டை அவள் பெயருக்கு எழுத இருவரும் கிளிநொச்சியில் உறுதி எழுதும் நொத்தாரிசிடம் போனோம். கண்ணாடி போட்ட, அவசரக்கார மனிசன். எழுதி முடித்து வாசித்தார். அவர் வாசித்த எங்கள் பெயர் விலாசம் எல்லாம் சரி. பிறகு, இயற்கையான அன்பினாலும் பாசத்தினாலும் இந்தக் காணியை நன்கொடையாக வழங்குகிறேன் என்று வாசித்தார்.

"அதை வெட்டுங்கோ" என்றேன்.

"ஏன்? நன்கொடை உறுதி எண்டால் அப்பிடித்தான் எழுதுறது."

"அன்பினால குடுக்கேல்லை. இவை இவ்வளவு காலமும் அங்க இருந்ததால குடுக்கிறன். எங்கட வயலில உழைச்சதால. ஒரு தென்னை வைக்க விடாமல் வைச்சிருந்த குடும்பம் நாங்கள். அதை எழுதுங்கோ."

அவர் பேனையை மேசையில் வைத்தார். "அம்மா, காணி கைமாறச் சட்டத்தில ரெண்டு வழிதான். ஒண்டு காசு, மற்றது அன்பு. நீங்கள் காசு வாங்கேல்லை எண்டுறியள். அப்ப அன்புதான்."

"மூண்டாவது வழி இல்லையோ?"

"நீங்கள் சொல்லுறதை எழுதினால் பதியமாட்டினம்."

அவள் கதிரை நுனியில் இருந்தபடி சுவர் மணிக்கூட்டைப் பார்த்தாள். "அக்கா, அன்புன்னே எழுதட்டும். யாரு படிக்கப் போறாங்க. நேரமாவுதுங்க."

பச்சைப் பொய்யின் கீழ் கையெழுத்து வைத்தேன். அவளும் வைத்தாள், எழுத்துக் கூட்டி, நாக்கைக் கடித்துக்கொண்டு. உறுதி எழுதியாயிற்று என்று நொத்தாரிசு தந்த கடிதத்தைப் பொலித்தீன் பைக்குள் சுற்றி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வெளியே ஓடினாள். வீட்டுத்திட்டப் பதிவு அன்று பின்னேரத்தோடு முடிகிறது, கந்தோர் பக்கம் போகிற பஸ் சந்தியில் இரைந்துகொண்டு நின்றது. என்னிடம் போய்வருகிறேன் என்றும் சொல்லவில்லை, நன்றி என்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நடுரோட்டில் வைத்து அவளையும் பேசியிருப்பேன்.